தைராய்டு கண்பிதுக்கம்: அறுவை மருத்துவ வரலாறு

தைராய்டு நோயால் முன்தள்ளிய கண்விழியை உள்ளே அமர்த்தும் அறுவை சிகிச்சையின் வரலாறு இது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் திசுக்களையே தாக்கும்போது விழியை அசைக்கும் தசைகளும் அவற்றைச் சூழ்ந்த கொழுப்பும் வீங்குகின்றன. எலும்பாலான விழிக்குழி விரியாது, விழி பிதுங்குகிறது. ஆகவே மருத்துவர் விழியைத் தொடுவதில்லை, அதற்கு இடம் உண்டாக்குகிறார்.

இந்த அறுவை முறைகள் தோன்றும் முன்பே, தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798–1832) கண்நோயாளிகளின் விவரங்களை வண்ணப் படங்களுடன் பதிவுசெய்ய வைத்தார். அக்குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. இப்பதிவுகளில் முதலிடம் கண்புரைக்கே. தைராய்டு வீக்கத்தையும் கண்பிதுக்கத்தையும் இணைத்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் எழுதிய புகழ்பெற்ற விளக்கம், மன்னர் மறைந்து மூன்றாண்டு கழித்து, 1835இல் வந்தது.

விழிக்குழியின் எந்தச் சுவரை எடுப்பது என்ற கேள்வியே இச்சிகிச்சையை வளர்த்தது. 1911இல் டோலிங்கர் வெளிச்சுவரை அகற்றினார். 1930இல் ஹிர்ஷ் அடித்தளத்தையும், 1931இல் நாஃப்சிகர் மண்டையோட்டைத் திறந்து மேற்கூரையையும், 1936இல் சூவல் மூக்கை ஒட்டிய உட்சுவரையும் எடுத்தனர். 1957இல் வால்ஷ், ஒகுரா இருவரும் மேலுதட்டின் உட்புறம் கீறி, கன்னக் குடைவின் வழியே அடித்தளத்தையும் உட்சுவரையும் சேர்த்தே நீக்கினர். முகத்தில் தழும்பில்லை என்பதால் அம்முறை நெடுங்காலம் நிலைத்தது. ஆனால் பலருக்கு இரட்டைப் பார்வை வந்தது. 1990இல் கென்னடி மூக்கு வழியே உள்நோக்கிக் கருவியைச் செலுத்தினார். கொழுப்பை மட்டும் அகற்றும் முறையும் பின்னர் பரவியது.

கருவிகளைவிட முக்கியமான பாடம், காலம் பார்ப்பது. அழற்சி தணிந்து நோய் சில மாதங்கள் நிலைபெற்ற பிறகே பொதுவாக அறுவை. ஆனால் பார்வை நரம்பு நசுங்கினால் காத்திருப்பது ஆபத்து. முதலில் விழிக்குழி, பிறகு மாறுகண், கடைசியில் இமை என்பதே வரிசை. முந்தையது அடுத்ததன் அளவை மாற்றிவிடுவதால் இவ்வரிசை பிறழக்கூடாது.

2020இல் அமெரிக்கா இந்நோய்க்கு டெப்ரோட்டுமுமாப் ஊசிமருந்தை அனுமதித்தது. அதன் விலையோ மிக அதிகம். அறுவை சிகிச்சைக்கோ, தமிழகத்தில் மதுரை அரவிந்த் (1976), சென்னை சங்கர நேத்ராலயா (1978) போன்ற மருத்துவமனைகளில் விழிக்குழிக்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு.

புகைபிடித்தல் இந்நோயை முற்றவைக்கும். தைராய்டு நோய் உள்ளவர்கள் அதை உடனே விட வேண்டும். நிறங்கள் மங்கித் தெரிந்தால் ஒருநாளும் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.