குமிழ் போய்த் திரை வந்த கதை

போன மாதம் பல்லடத்தில் ஒரு புதுமனை புகுவிழா. சாப்பிட்டுவிட்டு நானும் வீட்டுக்காரம்மாவும் காரில் கோவைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். சூலூர் வர இன்னும் கொஞ்ச தூரம். மகள் போனில் கூப்பிட்டாள், கார் ஸ்பீக்கரிலேயே பேசி முடித்தோம். அழைப்பு துண்டித்த அடுத்த நொடி, கார் தானாகவே அபிராமி அந்தாதியைக் கண்ணாடி அதிரும் சத்தத்தில் ஆரம்பித்தது. நாங்கள் யாரும் கேட்கவில்லை. அதுவாகவே போட்டது.

சத்தத்தைக் குறைக்கத் திரையைத் தொட்டேன், அசையவில்லை. ஸ்டீயரிங்கில் பட்டன் இருக்குமே என்பீர்கள். திரை உறைந்தால் எங்கள் காரில் அதுவும் உறைந்துவிடும். மறுபடி தொட்டுவிட்டு நிமிர்ந்தால், முன்னால் புல்லுக்கட்டோடு ஒரு பெரியவர் மொபெட்டில் போய்க்கொண்டிருக்கிறார். பிரேக்கை மிதித்தேன். ஒரு கை அகலம் இடைவெளியில் கார் நின்றது. அவர் திரும்பிப் பார்த்து, "ஏனுங், பாத்து வரக்கூடாதுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். உள்ளே அந்தாதி ஓடிக்கொண்டேயிருந்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் 2 விநாடிக்கு 33 மீட்டர். அவ்வளவு தூரம் நான் சாலையைப் பார்க்காமல் ஓட்டியிருக்கிறேன், ஒரு ரேடியோவுக்காக. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்தப் பெட்டி காருக்குள் எப்படி வந்தது, எப்போது நம் கையை மீறியது என்று படிக்க ஆரம்பித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1930, அமெரிக்கா. பங்குச் சந்தை விழுந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சிகாகோவில் பால் கால்வின், ஜோசப் கால்வின் என்ற அண்ணன் தம்பி இருவர் சின்னதாக ஒரு ரேடியோ கம்பெனி நடத்திவந்தார்கள். அந்த வருடம் ஜூன் மாதம் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாடு. உள்ளே கடை போடக் கையில் பணமில்லை. பால் கால்வின் தன் ஸ்டுடிபேக்கர் காரில் ஒரு ரேடியோவைப் பொருத்தி, மனைவியையும் ஏற்றிக்கொண்டு சுமார் 800 மைல் ஓட்டிப் போனார். மாநாட்டு வாசலில் காரை நிறுத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்து, வருகிறவர் போகிறவரிடம் ஆர்டர் பிடித்தார். அதுதான் மோட்டரோலா. அந்தக் காலத்தில் கிராமபோன் பெட்டிகளின் பெயரெல்லாம் 'ஓலா' என்று முடியும். அதை மோட்டாரோடு ஒட்டிவைத்தார். பெயர் அவ்வளவு பிரபலமாகி, 1947-ல் கம்பெனிக்கே அதைச் சூட்டிவிட்டார்கள்.

விலை 110 டாலருக்கு மேல். ஃபோர்டு கார் ஒன்றே 500 டாலரைச் சுற்றிக் கிடைத்த காலம் அது. கடனுக்காக ஒரு வங்கிக்காரரின் காரில் கால்வின் ரேடியோ பொருத்திக் கொடுத்ததாகவும், கொஞ்ச நேரத்தில் அந்தக் கார் தீப்பிடித்ததாகவும் ஒரு கதை உண்டு. கடன் கிடைக்கவில்லையாம்.

பொருத்துவதும் லேசான வேலையில்லை. ரேடியோ ஓரிடம், ஸ்பீக்கர் ஓரிடம், தனி பேட்டரிகள் கால் வைக்கும் பலகைக்கு அடியில், ஏரியல் கம்பி கூரைத் துணிக்குள். இவையெல்லாம் பொறுமை இருந்தால் முடிகிற வேலைகள். உண்மையான எதிரி எஞ்சின். பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம். மார்க்கோனி முதலில் கம்பியில்லாமல் செய்தி அனுப்பியதும் இப்படிப் பொறி பறக்கவிட்டுத்தானே. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 100 பொறி. அந்த நூறும் ரேடியோவுக்குள் வந்து விழும்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் மட்டுமில்லை. 1970களில் என் மாமனாரிடம் ஒரு அம்பாசிடர் இருந்தது, அதில் ஒரு ரேடியோவும் இருந்தது. அவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் செய்தி வாசிப்பவரின் குரலுக்குப் பின்னால் ஒரு வண்டு ரீங்காரம் ஏறிக்கொண்டே போகும், காலை எடுத்தால் இறங்கும். உக்கடம் பக்கம் இருந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர் டைனமோவில் ஒரு கண்டென்சர், பிளக் வயர்களில் ஒரு சப்ரஸர் போட்டுக் கொடுத்தார். பாதி சத்தம் போனது. மீதிப் பாதியோடு மாமனார் 15 வருடம் சந்தோஷமாகக் கேட்டார். ரேடியோவுக்குத் தபால் ஆபீஸில் வருடா வருடம் லைசன்ஸ் பணம் கட்டிய காலம் அது என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

அந்த ரேடியோவில் குமிழ் இரண்டே இரண்டு. இடது பக்கம் சத்தம், வலது பக்கம் ஸ்டேஷன். நடுவில் ஐந்து பட்டன். பிடித்த ஸ்டேஷனை வைத்துக்கொண்டு ஒரு பட்டனை வெளியே இழுத்து உள்ளே அழுத்தினால், அடுத்த முறை அதைத் தட்டினதும் முள் ஓடிப்போய் அங்கே நிற்கும். முழுக்க முழுக்க இரும்பு நெம்புகோல் வேலை. இருட்டில், மழையில், மலைப்பாதையில்கூட மாமனாரின் கை தானாகப் போய் அதைத் திருகும். அவர் கண் ரேடியோவின் மீது போய் நான் பார்த்ததேயில்லை.

கண் சாலையை விட்டு விலகும் என்ற பயம் அன்றும் இருந்தது. 1930களிலேயே அமெரிக்காவின் சில மாநிலங்களில் கார் ரேடியோவைத் தடை செய்ய முயன்றார்கள். அது நடக்கவில்லை. நடக்காததற்கு அந்த இரண்டு குமிழ்களும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் யூகம்.

அதற்குப் பிறகு வந்த புதுமைகளில் வேடிக்கையானதைச் சொல்லாமல் விடக் கூடாது. எல்.பி. ரெக்கார்டை உருவாக்கிய பீட்டர் கோல்ட்மார்க்கை வைத்து, 1956 மாடல் கார்களில் கிரைஸ்லர் கம்பெனி ஒரு கிராமபோனையே பொருத்தியது. டாஷ்போர்டுக்கு அடியில் இழுப்பறை மாதிரி வெளியே வரும். ரெக்கார்டு குதிக்கக்கூடாதென்று முள்ளை நன்றாக அழுத்திவைத்து, நிமிடத்துக்கு 16⅔ சுற்றில் மெதுவாகச் சுற்றவிட்டார்கள். அந்த ரெக்கார்டுகளை ஒரே ஒரு கம்பெனிதான் வெளியிட்டது. வீட்டில் இருக்கும் ரெக்கார்டு எதுவும் காரில் ஓடாது. சில வருடத்தில் ஆசை அடங்கிவிட்டது. அதே சமயத்தில் வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர் வந்தது. பிறகு கேசட், சி.டி. கேசட் நாடாவைப் பென்சிலால் சுற்றிய அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு, அதை நான் விளக்க வேண்டியதில்லை.

திருட்டு அதிகமானதும் ரேடியோவுக்கு ரகசிய எண் கொடுத்தார்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அந்த எண்ணைக் கேட்கும். 2003-ல் நான் வாங்கிய பழைய காரில் அப்படி ஒன்று இருந்தது. பேட்டரி மாற்றிய அன்று 'கோட்' என்று காட்டியது. முதல் சொந்தக்காரர் எண் எழுதிய அட்டையைத் தொலைத்துவிட்டிருந்தார். திருடனுக்கு வைத்த பூட்டு, வீட்டுக்காரனை வெளியே நிறுத்தியது. 11 மாதம் ரேடியோ இல்லாமல் ஓட்டினேன். ரேடியோ நம்மிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

தொடுதிரை என்னவோ நேற்று வந்தது மாதிரி பேசுகிறோம். 1986-லேயே அமெரிக்காவின் பியூக் ரிவியேரா காரில் வந்துவிட்டது. பழைய டி.வி. மாதிரி கண்ணாடிக் குழாய்த் திரை. ரேடியோ, ஏ.சி. எல்லாம் அதற்குள். வாங்கியவர்கள், ஒரு ஸ்டேஷன் மாற்ற இத்தனை முறை தொட வேண்டுமா, சாலையைப் பார்ப்பதா இதைப் பார்ப்பதா என்று கேட்டார்கள். 1990 மாடலில் திரையை எடுத்துவிட்டுப் பழையபடி பட்டன்களை வைத்தார்கள். அப்போது வாடிக்கையாளர் சொன்னது கம்பெனியின் காதில் விழுந்தது.

பிறகு ஏன் திரும்ப வந்தது? பின்னால் பார்க்கும் கேமராவை எல்லாப் புதிய கார்களிலும் 2018 மே முதல் அமெரிக்கா கட்டாயமாக்கியது. கேமரா இருந்தால் திரை வேண்டும். திரை எப்படியும் இருக்கிறதென்றால், தனியாகக் குமிழுக்கும் பட்டனுக்கும் எதற்குச் செலவு? எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவிடலாம். குழந்தை குறுக்கே வந்தால் தெரிவதற்காக வந்த திரை, முன்னால் போகும் மொபெட்டை மறைத்தது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஸ்வீடனில் 'வீ பீலேகாரே' என்ற கார் பத்திரிகை 2022-ல் ஒரு சோதனை நடத்தியது. 11 புதிய கார்கள், கூடவே பட்டன்கள் வைத்த 2005-ஆம் வருட வோல்வோ ஒன்று. 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே, ரேடியோவைப் போட்டு ஒரு குறிப்பிட்ட ஸ்டேஷன் வைப்பது உள்ளிட்ட நான்கு சில்லறை வேலைகளைச் செய்ய வேண்டும். முன்கூட்டியே பழகிக்கொள்ள நேரமும் கொடுத்தார்கள். பழைய வோல்வோவில் 10 விநாடி, 306 மீட்டர். கடைசியாக வந்த புதிய காரில் 44.6 விநாடி, 1372 மீட்டர். ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் மேல்! என் 33 மீட்டர் ஒன்றுமேயில்லை.

அதைவிட என்னை அசத்தியது சியாட்டில் விவகாரம். 2022 ஜனவரி கடைசியில், அந்த ஊரில் 2014 முதல் 2017 வரையிலான மஸ்டா கார்களில் ரேடியோ ஒரே ஸ்டேஷனில், 94.9-ல், மாட்டிக்கொண்டது. மாற்றினால் மாறவில்லை. திரை அணைந்து அணைந்து எரிந்தது. புளூடூத், வரைபடம், சிலருக்குப் பின்கேமரா, எல்லாம் போனது. காரணம் என்ன தெரியுமா? டிஜிட்டல் ஒலிபரப்பில் பாட்டோடு கூடவே சின்னப் படங்களும் வரும். அந்த ஸ்டேஷன் அனுப்பிய ஒரு படக்கோப்பின் பெயரில், இது இன்ன வகைக் கோப்பு என்று சொல்லும் கடைசி எழுத்துகள் இல்லை. வாலில்லாத கோப்பைப் பார்த்து ரேடியோ கலங்கிப்போய்விட்டது. திரும்பத் திரும்பத் தன்னையே அணைத்து எழுப்பிக்கொண்டது. அந்தப் பெட்டியை மாற்ற 1500 டாலர் வரை ஆகும் என்றார்கள். சிப் தட்டுப்பாட்டுக் காலம், காசு கொடுத்தாலும் சாமான் இல்லை. கடைசியில் கம்பெனியே இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னது.

அதே கம்பெனியின் கார் ஒன்றில் '99% இன்விசிபிள்' என்ற நிகழ்ச்சியைப் போட்டால் மட்டும் திரை விழுந்துவிடும் என்பதும் முன்பே வெளிவந்திருந்தது. பெயரில் இருந்த சதவீதக் குறியை ஏதோ கட்டளை என்று அந்த மென்பொருள் எடுத்துக்கொண்டதாம். உக்கடம் எலெக்ட்ரீஷியன் இதற்கு எந்தக் கண்டென்சரைப் போடுவார்?

அந்தாதிக்கு வருகிறேன். போனைக் காரோடு சேர்த்ததும், அகர வரிசையில் முதலில் இருப்பதை எடுத்துப் போடுவது பல கார்களின் வழக்கம். எங்கள் வீட்டம்மா போனில் முதலில் இருப்பது அபிராமி அந்தாதி. உலகம் முழுக்க இந்தத் தொல்லை இருக்கிறது. 2017-ல் அமெரிக்காவில் ஒருவர், பெயரின் தொடக்கத்தில் வரிசையாக 'ஏ' என்ற எழுத்தையே போட்டு ஏறக்குறைய 10 நிமிட நிசப்தத்தை ஒரு பாட்டாக விற்றார். வரிசையில் அதுதான் முதலில் வரும், காரும் சும்மா இருக்கும். ஒன்றுமே இல்லாததை ஜனங்கள் காசு கொடுத்து வாங்கினார்கள்! பாட்டு விற்பனைப் பட்டியலிலேயே அது ஏறியது.

2026 முதல் ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பு ஐந்து நட்சத்திரத்துக்குப் புது விதி வைத்திருக்கிறது. இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் தொட்டு உணரக்கூடிய பட்டனோ நெம்போ இருக்க வேண்டும். நல்ல காரியம். ரேடியோ அந்தப் பட்டியலில் இல்லை.

மின்சாரக் கார்களில் இன்னொரு பழைய கதை திரும்பியிருக்கிறது. ஸ்பார்க் பிளக் போனதே, இனி இரைச்சல் இருக்காது என்று நினைப்போம். மோட்டாருக்கு மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கும் இன்வெர்ட்டரும் மத்திய அலையில் அதே வண்டு ரீங்காரத்தைப் போடுகிறது. அதனால் சில கம்பெனிகள் மத்திய அலையையே எடுத்துவிட்டன. ஃபோர்டு 2023-ல் எடுக்கப் போவதாகச் சொல்லி, ஆபத்துக் கால அறிவிப்பு எப்படிக் கேட்கும் என்ற எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. 999 கிலோஹெர்ட்ஸில் கோவை வானொலி கேட்டுப் பழகிய நான், அடுத்த கார் வாங்கும்போது முதலில் இதைத்தான் கேட்கப் போகிறேன். பல்லடம் சாலை சம்பவத்துக்குப் பிறகு அடுத்த காரை நான் ஓட்டலாமா என்பதே வீட்டில் பேச்சாக இருக்கிறது, அது வேறு.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஒரு பையன் பத்து நிமிடம் திரையைத் தட்டிப் பார்த்து, தானாகப் பாடுவதை எங்கோ ஆறாவது பக்கத்தில் அணைத்துவிட்டு, "இனி வராது சார்" என்றான். ஒன்பது நாள் வரவில்லை. பத்தாவது நாள் திரையில் 'சாஃப்ட்வேர் புதுப்பிக்கப்பட்டது' என்று ஒரு வரி ஓடியது. ரேஸ் கோர்ஸ் சிக்னலில் அந்தாதி ஆரம்பித்தது. "நல்லதுதானுங்களே, விடுங்க" என்றார் வீட்டம்மா. காரை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, போனை வாங்கி புளூடூத்தை நிறுத்திவிட்டுத்தான் மறுபடி கிளப்பினேன்.