தோளில் ஏறிய ஒலி

திரையில் உருவமும் குரலும் ஒருங்கே பிறக்கின்றன என்பது பார்வையாளரின் நம்பிக்கை. பெரும்பாலும் அவை தனித்தனியே பிறந்து பின்னர் இணைக்கப்படுபவை. படக்கருவி ஒளியைக் கவர, வேறொரு கருவி ஒலியைக் கவர்கிறது. இரண்டையும் இணைக்கக் காட்சியின் தொடக்கத்தில் ஒரு பலகை தட்டப்படும். பலகையின் வாய் மூடும் படச்சட்டமும் அந்த ஓசையும் பொருந்திவிட்டால் பின்வருவன எல்லாம் பொருந்தும்.

பொருத்தத் தவறினால் என்னாகும் என்பதற்கு டிக்சன் எடுத்த சிறு படமே சான்று. எடிசனின் கூடத்தில் 1894-95 அளவில் டிக்சன் வயலின் வாசிக்க, இசை மெழுகு உருளையிலும் காட்சி படச்சுருளிலும் பதிவாயின. பின்னர் இரண்டும் பிரிந்து கிடந்தன. வால்டர் மர்ச் அவற்றைச் சேர்த்து வைத்தது 2000ஆம் ஆண்டில்தான்.

ஒலியையும் ஒளியையும் ஒரே சுருளில் பதியும் முறையும் இருந்தது. 1931இல் வெளியான ‘ஆலம் ஆரா’ அவ்வாறு எடுக்கப்பட்டதே. அருகில் இரயில் பாதை இருந்தமையால் நள்ளிரவுக்குப் பின்னரே அதன் படப்பிடிப்பு நடந்தது என்பர். பின்னர் எங்கும் ஒலி தனியே பதியப்படலாயிற்று. எனினும் கருவியின் பாரம் குறையவில்லை. அரங்கை விட்டு வெளியேற வேண்டுமெனில் ஒலிக்கென ஒரு வண்டியே உடன் சென்றாக வேண்டும்.

அந்தப் பாரத்தைக் குறைத்தவர் போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஸ்டெஃபான் குடெல்ஸ்கி. 1951இல் அவர் உருவாக்கிய காந்த நாடாக் கருவிக்கு ‘நாக்ரா’ என்று பெயர். போலிஷ் மொழியில் ‘பதிவு செய்யும்’ என்பது அதன் பொருள். தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத்தக்க கருவி அது.

அதன் முழுப் பயன் புலப்பட்ட இடங்களுள் ஒன்று 1960ஆம் ஆண்டுக் கோடையின் பாரிஸ். ழான் ரூஷும் எட்கர் மொரெனும் எடுத்து 1961இல் வெளியான ஆவணப்படத்தின் பெயருக்கு ‘ஒரு கோடையின் வரலாறு’ என்று பொருள். அதில் மர்சலின் லொரிடான் என்னும் பெண் நாக்ராவைத் தோளில் சுமந்து, ஆடையில் ஒலிவாங்கியைச் செருகிக்கொண்டு, ஆளரவமற்ற கான்கார்டு சதுக்கத்தில் தனியே நடக்கிறார். 1944இல் தந்தையோடு நாஜி வதைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டவர் அவர். தந்தை திரும்பவில்லை. நடந்தவாறே அத்தந்தையிடம் மெல்லப் பேசுகிறார். லே ஆல் சந்தையின் இரும்புக் கூரை இரயில் நிலையத்தை ஒத்தது. அதன் கீழே, தாம் மீண்டு வந்து இறங்கிய நடைமேடையையும் அங்கே காத்திருந்த குடும்பத்தையும் நினைவுகூர்கிறார்.

படக்கருவி காரிலிருந்து விலகி விலகிச் செல்கிறது. அவர் உருவம் சிறுத்துப் புள்ளியாகிறது. குரலோ செவியருகிலேயே நிற்கிறது. ஒலி படக்கருவியோடு பிணைந்திருந்தால் இது கூடியிருக்காது: உருவம் அகலக் குரலும் அகன்றிருக்கும், அல்லது அவர் பிறர் எதிரே நின்று பேச நேர்ந்திருக்கும். அவர் பேசியதைப் படமெடுத்தோரும் அப்போது கேட்கவில்லை. பின்னர் நாடாவை ஓடவிட்டே அறிந்தனர். ‘நெஞ்சிற்குச் சொல்லியது’ என்னும் துறையை அறிந்த தமிழ்ப் புலவர்க்கு இந்நிலை புதிதன்று. ஆனால் கேட்பார் இல்லாத கூற்றை எவ்வாறு கேட்பது என்னும் சிக்கலைப் பாட்டு எண்ணிப் பார்த்ததில்லை. கருவிக்கோ அதுவே முதற் சிக்கலாயிற்று.

மர்சலின் நடித்தாரா, உண்மையாகவே உருகினாரா என்னும் வினா அப்படத்திற்குள்ளேயே எழுப்பப்படுகிறது. தம் குரலைத் தாமே சுமந்து, தாமே பதிந்துகொண்டு நடப்பவரிடம் இவ்விரண்டையும் பிரித்துக் காண முயல்வது வீண். 2018இல் அவர் மறைந்தார்.

வீடியோ பரவியபோது ஒலியும் ஒளியும் மீண்டும் ஒரே நாடாவில் கூடின. செய்தியாளருக்கு அது வசதி. கலைக்கு அத்துணை நன்மை விளைந்ததாகச் சொல்ல இயலாது. 2008இல் நிழற்படக் கருவியிலேயே திரைத்தரமான காட்சியைப் பதியும் வசதி வந்தது. காட்சி அழகாக அமைந்தது, ஒலி தாழ்ந்திருந்தது. குறும்படம் எடுப்போர் கையடக்க ஒலிப்பதிவுக் கருவிகளைத் தேடினர். பலகை கிட்டாதபோது அவர்களுள் ஒருவர் படக்கருவியின் முன் வந்து நின்று ஒருமுறை கைதட்டிவிட்டு விலகிக்கொள்வார்.