எடை குறையாமல் குறைந்த நோய்: உடல்நல இலக்கை எதில் அளப்பது?

மருத்துவர் அ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் சென்னையிலிருந்து 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் பங்கேற்றவர்கள் 531 பேர். எல்லோரும் முன்நீரிழிவு நிலையில் இருந்தவர்கள். அவர்களை நான்கு பிரிவாக்கி மூன்றாண்டு தொடர்ந்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் 55 சதவீதம் பேர் நீரிழிவுக்கு ஆளானார்கள். உணவையும் நடையையும் மாற்றிக்கொண்ட பிரிவில் அது 39.3 சதவீதம், குறைந்த அளவு மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்த பிரிவில் 40.5; இரண்டையும் சேர்த்துச் செய்த பிரிவில் 39.5. வாழ்க்கைமுறை மாற்றம் தனியாகவே நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தது. இந்த எண்கள் மருத்துவக் கூட்டங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுபவை. ஆனால் அதே ஆய்வில் உள்ள இன்னொரு செய்திக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டவர்களின் சராசரி எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை.

நோய் குறைந்தது, எடை குறையவில்லை. இதை முழுமையாக ஏற்றுக்கொண்டால், நம் மருத்துவமனைகளும் உடற்பயிற்சிக் கூடங்களும் வீடுகளும் உடல்நலத்துக்கு இலக்கு வைக்கும் முறையை மாற்றியாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். 'ஆறு மாதத்தில் ஐந்து கிலோ' என்று அந்தச் சென்னைக்காரர்களுக்கு இலக்கு வைத்திருந்தால், அவர்களில் மிகப் பலர் தங்களைத் தோற்றவர்களாகக் கருதி, காக்கும் வேலையைச் செய்துகொண்டிருந்த நடையையே நிறுத்தியிருப்பார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டவை எளியவை: உட்கார்ந்தே வேலை பார்ப்பவர் தினமும் 30 நிமிடம் விறுவிறுப்பாக நடக்க வேண்டும், ஏற்கெனவே நடையும் சைக்கிளும் உடலுழைப்பும் உள்ளவர் அதை விடாமல் தொடர வேண்டும், சர்க்கரை, தீட்டிய தானியம், கொழுப்பு ஆகியவற்றைக் குறைத்து நார்ச்சத்தைக் கூட்ட வேண்டும். எல்லாமே செய்யக்கூடிய செயல்கள்.

அளவிடத்தக்க இலக்கு என்ற கருத்து மருத்துவத்துக்கு வந்தது நிர்வாகத் துறையிலிருந்து. 1981-இல் ஜார்ஜ் டோரன் எழுதிய ஒரு சிறு கட்டுரைதான் குறிப்பானது, அளக்கத்தக்கது, காலவரையறை கொண்டது என்று தொடரும் ஐந்து தகுதிகளின் பட்டியலைப் பிரபலமாக்கியது. எல்லா நோக்கங்களையும் எண்ணில் அடக்க முடியாது என்பதை டோரனே அக்கட்டுரையில் ஒப்புக்கொண்டிருந்தார். கடன் வாங்கியவர்கள் அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு, எதை எளிதில் அளக்க முடியுமோ அதையே இலக்காக்கிக் கொண்டார்கள். எடை பார்க்கும் இயந்திரம் எல்லா இடத்திலும் இருந்ததால் எடை இலக்காயிற்று. ஆனால் எடை ஒரு செயல் அல்ல. உணவு, உழைப்பு, உறக்கம், மருந்து, வயது, மரபு எல்லாம் கூடிப் பின்னால் வருகிற விளைவு அது. முந்தைய நாள் உப்பும் தண்ணீரும் கூட அதை ஒரு கிலோ அசைக்கும்.

ஃபின்லாந்தில் 522 பேரை வைத்து நடந்து 2001-இல் வெளியான தடுப்பாய்வு இதில் தெளிவாக இருந்தது. அங்கே இலக்குகள் ஐந்து: எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைப்பு; உணவின் மொத்தக் கலோரியில் கொழுப்பு 30 சதவீதத்துக்குக் கீழ்; நிறைவுற்ற கொழுப்பு 10 சதவீதத்துக்குக் கீழ்; ஒவ்வோர் ஆயிரம் கிலோகலோரிக்கும் 15 கிராமாவது நார்ச்சத்து; வாரத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சி. நான்கு அல்லது ஐந்து இலக்குகளை எட்டியவர்களில் ஒருவருக்குக்கூட அந்த ஆய்வுக் காலத்தில் நீரிழிவு வரவில்லை. தனிப் பயிற்சி பெற்றவர், பெறாதவர் என்ற வேறுபாடும் இதில் இல்லை. ஐந்தில் ஒன்றுதான் விளைவு. மற்ற நான்கும் செயல்கள். எடையில் தவறியவரும் மீதி நான்கைப் பிடித்துக்கொண்டு வெற்றி பெற இடம் இருந்தது. ஓர் இலக்குப் பட்டியலின் அமைப்பே மனிதரைத் தளரவிடாமல் காக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் 2002-இல் வெளியான நீரிழிவுத் தடுப்பாய்வு நேர் எதிராக எடையை நடுவில் வைத்தது: 7 சதவீத எடைக் குறைப்பு, வாரம் 150 நிமிட உழைப்பு. நோய் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது; பெரிய வெற்றிதான். குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் நோய் வாய்ப்பு 16 சதவீதம் சரிகிறது என்று பின்னர் அதே தரவுகளை அலசியவர்கள் காட்டினார்கள். எடை முக்கியமில்லை என்று வாதிடுபவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். நான் அப்படி வாதிடவில்லை. ஆனால் அதே அலசலில் இன்னொன்றும் இருக்கிறது. முதலாண்டு முடிவில் எடை இலக்கைத் தவறவிட்டவர்களில், 150 நிமிடத்தைக் கைவிடாதவர்களுக்கு நீரிழிவு 44 சதவீதம் குறைவாக வந்தது. எட்டிப் பிடிப்பதிலும் வேறுபாடு இருந்தது: கடைசிப் பரிசோதனையின்போது எடை இலக்கில் இருந்தவர்கள் 38 சதவீதம்; உழைப்பு இலக்கில் இருந்தவர்கள் 58 சதவீதம்.

அமெரிக்க ஆய்வில் பங்கேற்றவர்களின் சராசரி உடல் நிறை குறியெண் 34, சென்னையில் 25.8. இந்த இடைவெளியைப் பார்க்காமல் அங்கிருந்த 7 சதவீதத்தை இங்கே பெயர்த்து நடுவது சரியல்ல. புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் 2004-இல் வெளியிட்ட புகழ்பெற்ற படத்தை நினைவூட்டலாம். இருவருக்கும் உடல் நிறை குறியெண் ஒன்றே, 22.3. உடலில் இருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிகிற நம் உடலுக்குள் கொழுப்பு வயிற்றிலும் கல்லீரலிலும் ஒளிந்திருக்கிறது. எடை இயந்திரத்துக்கு அது தெரியாது. வேலை செய்யும் தசையோ இன்சுலினின் உதவி இல்லாமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். ஆகவே எடை மாறாமல் நோய் விலகியதில் மர்மம் இல்லை. உடலை அளந்தே தீர வேண்டுமென்றால் தையல்காரரின் நாடா போதும்: இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது இந்தியர்களுக்கென வகுத்த எல்லை.

இங்கே வலுவான ஒரு மறுப்பு உண்டு. எடை பொய் சொல்லாது, மனிதர் சொல்வார். 'தினமும் நடக்கிறேன் டாக்டர், எண்ணெயே சேர்ப்பதில்லை' என்பதை எப்படிச் சரிபார்ப்பது? ஊட்டச்சத்து ஆய்வுகளின் நெடுநாள் பலவீனம் இதுதான். இதைத் தீர்க்க, செயலை அதன் பருப்பொருள் தடயத்தில் அளக்க வேண்டும். அந்தத் தடயம் சமையலறையிலேயே இருக்கிறது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, 2,000 கிலோகலோரி உணவில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் ஒதுக்குவது நாளொன்றுக்கு 27 கிராம். இதைக் கேட்டு யாரும் தாளிக்கும் கரண்டியை எடை போடப் போவதில்லை. ஆனால் நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு 30 நாளைக்குப் பெருக்கினால் 3,240 கிராம் வருகிறது. ஒரு லிட்டர் எண்ணெய்ப் பாக்கெட்டில் இருப்பது ஏறத்தாழ 910 கிராம். ஆக, மாதம் மூன்றரைப் பாக்கெட். மளிகைச் சீட்டில் ஐந்து பாக்கெட் எழுதுகிற வீட்டுக்கு, இரண்டு மாதத்தில் அதை நான்காக்குவது என்பது எழுதி வைக்கக்கூடிய, காலிப் பாக்கெட்டை எண்ணிச் சரிபார்க்கக்கூடிய இலக்கு. விளக்குக்கும் எண்ணெய்க் குளியலுக்கும் போகிற நல்லெண்ணெயைக் கழித்துக்கொள்ள வேண்டும். கடை பஜ்ஜியையும் ஓட்டல் தோசையையும் தனியே கணக்கு வைக்க வேண்டும். உப்பும் அப்படியே. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். நால்வருக்கு ஒரு கிலோ உப்பு குறைந்தது 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு கடையிலிருந்து வருகிற வீட்டில் அதற்கு மேலும் வர வேண்டும். பாக்கெட் பிரித்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வைத்தால் கணக்கு முடிந்தது.

வீட்டையே அளவின் அலகாகக் கொள்வது இன்னோர் உண்மையையும் வெளிக்கொண்டு வருகிறது. கணவருக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் உணவுத் திட்டத்தைப் பெரும்பாலும் நிறைவேற்றுபவர் மனைவி. அவருடைய நடைக்கான அரைமணி நேரம் யாருடைய சீட்டிலும் எழுதப்படுவதில்லை. இலக்கைத் தனி உடலில் வைக்காமல் வீட்டில் வைத்தால், அந்த நேரத்தை யார் விடுவித்துத் தருவது என்ற கேள்வியை வீட்டார் எதிர்கொள்ள வேண்டிவரும்.

செயலை அளந்தாலும் எண்ணைக் கவனமாகத் தேர்ந்தாக வேண்டும். நாளுக்குப் பத்தாயிரம் அடி என்பது ஆய்வகத்தில் பிறந்ததல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது; 7,500-ஐ ஒட்டி அந்தப் பயன் மட்டுப்பட்டது. இது கண்காணிப்பு ஆய்வுதான், காரணத்தை நிறுவுவதாகாது. என்றாலும், மூட்டுவலியோடு 3,000 அடி நடக்கும் ஒரு பாட்டியிடம் பத்தாயிரம் கேட்பது அவரை நாற்காலிக்கே திருப்பி அனுப்பும். அவரிடம் கேட்க வேண்டியது இன்னும் ஓராயிரம்.

விளைவையே இலக்காக்கி விடாப்பிடியாகத் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கசப்பான பாடமும் உண்டு. இதயநோய் ஆபத்து மிகுந்த 10,251 நீரிழிவாளர்களை வைத்து வட அமெரிக்காவில் நடந்த அக்கார்டு ஆய்வில், ஒரு பிரிவினரின் ஹெச்பிஏ1சி என்னும் சராசரி இரத்தச் சர்க்கரை அளவை 6 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர மருந்துகளைத் தீவிரமாகக் கூட்டினார்கள். எண் இறங்கியது. அந்தப் பிரிவில் 257 பேர் இறந்தார்கள்; மிதமான இலக்கு கொண்ட பிரிவில் 203 பேர். 2008-இல் அந்தத் தீவிரச் சிகிச்சையை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

ஆகவே விளைவு எண்களைத் திசைகாட்டும் அளவாக வைத்துக்கொண்டு, செயல் எண்களை இலக்காக்க வேண்டும் என்பது என் முன்மொழிவு. இரண்டுக்கும் காலக் கணக்கும் வேறு. நடந்த நாட்களை வாரந்தோறும் எண்ணலாம். எண்ணெய்ப் பாக்கெட்டை மாதந்தோறும். இடுப்புச் சுற்றளவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாத நிலையைக் காட்டுவது என்பதால் அதற்கு முன் அதைத் தேடுவதில் பொருளில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். அந்த வருகையில் கூடுதலாக மூன்று கேள்விகள் கேட்கலாம்: போன வாரம் எத்தனை நாள் நடந்தீர்கள், இந்த மாதம் எத்தனை பாக்கெட் எண்ணெய், உப்புப் பாக்கெட்டை எப்போது பிரித்தீர்கள். கேட்க இரண்டு நிமிடம் ஆகும். விடைகளை மாதாமாதம் ஒரே தாளில் எழுதி, அந்தத் தாளை வீட்டிலேயே விட்டுவர வேண்டும்.