முகத் துடிப்பும் உணர்விழப்பும்: காரணம் தேடிய வரலாறு

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, கண்ணகியின் இடக்கண்ணும் மாதவியின் வலக்கண்ணும் துடித்ததோடு முடிகின்றது. மகளிர்க்கு இடக்கண் துடித்தல் நன்னிமித்தம். வலக்கண் துடித்தல் தீநிமித்தம். அங்குத் துடிப்பு பின்வருவதை உணர்த்தும் குறியாகும். உடலில் அதற்குக் காரணம் தேடுதல் மருத்துவ நூல்களின் பணி. முகம் ஒருபுறம் கோணுதலைப் பாரசீக மருத்துவர் அல்-ராசி (மறைவு 925) விரிவாக எழுதியுள்ளார். எனினும் முகத்தின் அசைவும் உணர்வும் வெவ்வேறு நரம்புகளைச் சார்ந்தவை என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெளிவுற்றது.

அத்தெளிவு ஒரு பிழையின் வழியே பிறந்தது. ஸ்காட்லாந்தில் பிறந்த அறுவை மருத்துவர் சார்லஸ் பெல், ஒரு கழுதையின் மேலுதட்டிற்குச் செல்லும் ஐந்தாம் மூளை நரம்பின் கிளையை அறுத்தார். கழுதை தீனியை உதட்டால் தொட்டதேயன்றித் திரட்டி எடுக்கவில்லை. உதடு அசையும் ஆற்றலை இழந்துவிட்டது என்று கொண்ட பெல், அதனை 1821இல் வெளியிட்டார். ஹெர்பர்ட் மேயோ அச்சோதனையை மீண்டும் செய்து, 1822இல் வேறு விளக்கம் தந்தார்: உதட்டில் அசைவு உண்டு, உணர்வே இல்லை, தீனி பட்டதை விலங்கு அறியவில்லை. மரத்துப்போதலே செயலிழப்பாகத் தோன்றியிருந்தது. முகத் தசைகளை இயக்குவது ஏழாம் நரம்பு. முகத்திற்கு உணர்வளிப்பதும் மெல்லும் தசைகளை இயக்குவதும் ஐந்தாம் நரம்பு என்பது இதனால் நிலைபெற்றது. 1824இல் தம் கட்டுரைகளை மறுபதிப்பித்தபோது பெல் சில இடங்களில் சொற்களை மாற்றியமைத்தார். பாடவேறுபாடு நோக்கிப் பழகிய தமிழாய்வாளர்க்கு இது வியப்பளிக்காது. ஆயினும் முகவாத நோய் ஒன்று இன்றும் பெல்லின் பெயராலேயே வழங்குகின்றது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றதன்று. பொறுத்தற்கரிய முகவலியைத் தீர்க்க ஏழாம் நரம்பை அறுத்த மருத்துவர் அந்நாளில் இருந்தனர். வலியோ ஐந்தாம் நரம்பினது. நோயாளிக்கு வலியும் நீங்கவில்லை, முகமும் செயலிழந்தது.

துடிப்பின் காரணம் பின்னரே துலங்கியது. இமை மட்டும் துடித்தல் பெரும்பாலும் களைப்பாலும் உறக்கக் குறைவாலும் நேர்வது. முகத்தின் ஒருபாதி முழுதும் துடித்த ஒருவரின் உடலை ஆராய்ந்த ஃபிரீட்ரிக் ஷூல்ட்சே, புடைத்த தமனி ஒன்று ஏழாம் நரம்பை அழுத்தியிருந்ததை 1875இல் பதிவு செய்தார். இரத்தத்தில் சுண்ணச்சத்துக் குறையின் முகத்தசை துடித்தலும் வாயைச் சுற்றி மரத்தலும் ஒருங்கே தோன்றும்.

இரு நரம்புகளையும் ஒருசேரத் தாக்கும் நோயும் உண்டு. இந்தியாவில் நெடுங்காலமாக அறியப்பட்ட தொழுநோய் அத்தகையது. ஏழாம் நரம்பு பழுதுற்றால் இமை மூடாது. ஐந்தாம் நரம்பு பழுதுற்றால் விழியில் தூசு விழுந்ததும் தெரியாது. இவ்விரண்டும் சேர்ந்தே தொழுநோயாளர் பலரின் பார்வையைப் பறித்தன.