ஊரிழந்தோர் நினைவுகள்: எலன்டனின் கதை

பெருநகரங்களுக்கு வரலாறு எழுதுவோர் பலர் உளர். அரசர் எழுப்பிய கோட்டைகளும், வணிகர் வளர்த்த துறைமுகங்களும், போர் நிகழ்ந்த களங்களும் அவ்வரலாறுகளில் இடம்பெறும். சிற்றூர்களுக்கு அத்தகைய பேறு வாய்ப்பதில்லை. அவற்றின் வரலாறு அங்கே பிறந்து வளர்ந்தோரின் நெஞ்சிலும், வந்து தங்கிச் சென்றோரின் பேச்சிலுமே தங்கியிருக்கும். ஊர் நிலைத்திருக்குங்காறும் அந்நினைவுகளைத் திரட்டிவைக்க வேண்டுமென்று எவருக்கும் தோன்றுவதில்லை. ஊர் மறைந்த பின்னரே அந்த எண்ணம் எழுகின்றது. அவ்வாறு மறைந்துபோன ஓர் ஊரையும், அதனை நினைவிற் காத்த மக்களையும் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள தென் கரோலைனா மாநிலத்தில், சவன்னா ஆற்றங்கரையை அடுத்து, ஒகஸ்ரா நகரிலிருந்து ஏறத்தாழ 20 மைல் தொலைவில் எலன்டன் என்னும் சிற்றூர் இருந்தது. 1870ஆம் ஆண்டுகளில், போர்ட் றோயல் துறைமுகத்தையும் ஒகஸ்ராவையும் இணைக்கும் புகையிரதப் பாதை அமைக்கப்பட்டபோது இவ்வூர் தோன்றியது. பாதை அமைக்க வந்த அதிகாரி ஒருவர் டன்பார் என்னும் நிலக்கிழாரின் இல்லத்தில் தங்கியிருந்தாரென்றும், அவ்வீட்டுச் சிறுமி எலனின் பெயரையே புதிய நிலையத்துக்கு இட்டாரென்றும் ஊரார் சொல்லி வந்தனர். 'எலனின் ஊர்' என்பதே எலன்டன். 1880இல் அதற்குச் சட்டப்படி பட்டின நிலை கிடைத்தது.

1950இல் அங்கே எழுநூற்றுச் சொச்சம் மக்களே வாழ்ந்தனர். ஆயினும் சுற்றுப்புறக் கமக்காரர் அனைவருக்கும் அதுவே சந்தை. அதுவே உலகத்தின் வாயில். பருத்தியும் சோளமும் விளைந்த வயல்கள் ஊரைச் சூழ்ந்திருந்தன. காசெல்ஸ் குடும்பத்தாரின் கடை, தன் நீளத்தினால் 'நெடுங்கடை' என்றே பெயர் பெற்றிருந்தது. அவ்வூரை விட்டு நீங்கியோர் பிற்காலத்திற் பழங்கதை பேசும்போதெல்லாம் அந்த நெடுங்கடை தவறாமல் இடம்பெறும். புகையிரத நிலையம், தபாற்கந்தோர், பாடசாலை, தேவாலயம், வேலிக்கு அப்பால் நின்று பேசும் அயலார் என்று அவர்கள் நினைவிற் கொண்டு சென்றவை யாவும் மிக எளிய பொருள்கள். இத்தகைய எளிய பொருள்களாலேயே ஓர் ஊர் ஆகின்றது.

இச்சிற்றூரின் விதி எங்கோ தொலைவில் நிகழ்ந்த ஒரு வெடிப்பினால் முடிவு செய்யப்பட்டது. 1949 ஆகஸ்டில் சோவியத் நாடு தனது முதலாவது அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. 1950 ஜனவரி 31ஆந் திகதி அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன், ஐதரசன் குண்டை ஆக்கும் முயற்சியைத் தொடருமாறு பணித்தார். அதே ஆண்டு ஜூனிற் கொரியப் போர் மூண்டது. குண்டுக்கு வேண்டிய திரித்தியத்தையும் புளூட்டோனியத்தையும் உண்டாக்குதற்குப் புதிய அணு உலைகள் தேவைப்பட்டன. அவற்றை அமைக்கும் பொறுப்பு டூபொன்ற் கம்பனியிடம் ஒப்படைக்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட இடங்கள் ஆராயப்பட்டன. உலைகளைக் குளிரச் செய்வதற்கு ஓர் ஆற்றின் நீர் வேண்டும். பெருநகரங்கள் அண்மையில் இருத்தலாகாது. ஆயினும் தொழிலாளர் கிடைக்கவேண்டும். இந்நிபந்தனைகள் யாவும் சவன்னா ஆற்றங்கரையிற் பொருந்தின. மக்கள் தொகை குறைவு என்பதே அவ்விடத்தின் தகுதிகளுள் ஒன்றாயிற்று. அக்குறைந்த தொகையினுள் அடங்கியவர்களோ, அதனைத் தமது ஊரென்று அழைத்தவர்கள்!

1950 நவம்பர் 28ஆந் திகதி அணுசக்தி ஆணைக்குழுவின் அறிவித்தல் வெளியாயிற்று. ஏறத்தாழ 310 சதுர மைல் நிலம் அரசுடைமையாகும் என்றும், அதனுள் வாழ்வோர் அனைவரும் வெளியேற வேண்டும் என்றும் மக்கள் அறிந்தனர். எலன்டன் மட்டுமன்று; டன்பார்ட்டன், மேயர்ஸ் மில் முதலிய ஊர்களும் அவ்வெல்லைக்குள் அடங்கின. சுமார் 6,000 மக்கள் இடம்பெயர வேண்டியதாயிற்று.

அந்நாட்களில் எலன்டனின் எல்லையில் ஊரவர் ஒருவர் கையால் எழுதிய பலகையொன்றை நட்டுவைத்தார். அதன் புகைப்படம் நாடெங்கும் பரவியது. மற்றவர்களும் தம் ஊரை நாம் நம் ஊரை நேசிப்பது போலவே நேசிக்கிறார்கள்; அவர்களுடைய ஊரை அழிக்கப்போகும் ஒரு குண்டைச் செய்வதற்காக எங்கள் ஊர் ஏன் அழியவேண்டும் என்பது விளங்கவில்லை என்பதே அப்பலகை சொன்ன கருத்து. தம் ஊரே உலகிற் சிறந்த இடமென்ற பெருமையும் அதிற் சேர்ந்திருந்தது. தாம் இழந்ததை எண்ணி வருந்துவது மனித இயல்பு. ஆனால் வீடிழக்கும் வேளையிலும், கடலுக்கு அப்பால் முகமறியாத வேறோர் ஊரார் இழக்கக்கூடியதை நினைத்துப் பார்ப்பது அரிய பண்பு. அரசாங்க அறிக்கைகளிற் காணப்படாத ஒரு நியாயம் அந்த மரப்பலகையிற் காணப்பட்டது.

இதனோடு சேர்த்து நினைக்கத்தக்க இன்னொரு செய்தி உண்டு. 1951 ஜனவரியில் தென் கரோலைனாவின் மாநில ஆளுநராகப் பதவியேற்றவர் ஜேம்ஸ் பேர்ன்ஸ். எலன்டனுக்கு அண்மையிலுள்ள எய்க்கன் நகரில் வழக்கறிஞராக இருந்தவர் அவர். 1945இல் ஹிரோஷிமாவின்மீது அணுகுண்டு வீசப்பட்ட காலத்தில் அமெரிக்காவின் வெளிநாட்டு விவகாரச் செயலாளராகவும், அக்குண்டைப் பற்றி ஜனாதிபதிக்கு ஆலோசனை கூறியோருள் ஒருவராகவும் இருந்தவரும் அவரே. தொலைநாட்டு நகரொன்றைப் பொசுக்கிய கருவி, ஐந்தாண்டுகளின் பின் அவருடைய அயலூரையே தேடி வந்தது.

வெளியேற்றம் 1951இலும் 1952இன் தொடக்கத்திலும் நடைபெற்றது. பலருடைய வீடுகள் அடித்தளத்திலிருந்து பெயர்க்கப்பட்டுப் பெருவண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டன. வடக்கே 'புதிய எலன்டன்' என்ற பெயரில் ஓர் ஊர் எழுந்தது. சிலர் ஜாக்சன், எய்க்கன், பார்ன்வெல் முதலிய இடங்களுக்குச் சென்றனர். உயிருடன் இருந்தோர் மட்டுமே பெயர்ந்தாரல்லர். ஏறத்தாழ 6,000 கல்லறைகளும் தோண்டப்பட்டு, மூதாதையரின் எச்சங்கள் வேறு சவக்காலைகளுக்குக் கொண்டுபோகப்பட்டன. உயிருள்ளோரும் இறந்தோரும் ஏறக்குறைய ஒரே தொகையினராய் அம்மண்ணை விட்டு நீங்கினர்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். இழப்பு யாவர்க்கும் பொது. ஈடு யாவர்க்கும் பொதுவன்று. நிலத்துக்கு உரியோர் நிலத்தின் விலையைப் பெற்றனர். அவ்விலை போதாதென்று நீதிமன்றம் சென்றோரும் உளர். ஆனால் அம்மண்ணில் உழைத்தோரிற் பெருந்தொகையினர், பிறர் நிலத்தை வாரத்துக்கும் குத்தகைக்கும் பயிரிட்டு வந்த ஏழைகள். அவர்களுட் பலர் கறுப்பின மக்கள். தலைமுறை தலைமுறையாக உழுத நிலமெனினும் அவர்கள் பெயரில் உறுதி இல்லை. உறுதி இல்லாதார்க்கு நிலத்தின் விலையும் இல்லை. அவர்கள் தம் தேவாலயச் சபைகளை மட்டும் கலையவிடாது காத்துப் புதிய இடங்களில் மீண்டும் கட்டியெழுப்பினர்.

ஊரார் வெளியேற, புதியோர் வந்து குவிந்தனர். 1952இற் கட்டுமான வேலையில் ஈடுபட்டிருந்தோர் 38,000க்கும் அதிகம். அயலூர்கள் எங்கும் வண்டிவீடுகள் நிரம்பின. வயல்வெளியாயிருந்த நிலத்தில் ஐந்து அணு உலைகள் எழுந்தன. முதலாவது உலை 1953 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. இவ்வாறு வந்தோருக்கும் அவ்விடத்தைப் பற்றிய நினைவுகள் உண்டு. அவர்களுக்கு அஃது இழப்பின் நிலமன்று. நல்ல ஊதியமும், புதிய வீடும், பிள்ளைகளுக்குக் கல்வியும் கிடைத்த நிலம். ஆயினும் தொடக்க ஆண்டுகளில் அங்குள்ள உயர்ந்த தொழில்கள் பெரும்பாலும் வெள்ளையர்க்கே சென்றன. ஆகவே ஒரே மண்ணைப் பற்றி வெவ்வேறு மக்கள் வெவ்வேறு கதை கூறுவது வியப்பன்று.

எலன்டனின் பழைய குடிகள் தம் ஊரை மறக்கவில்லை. பிற்காலத்தில் அவர்கள் கூட்டங்கள் கூட்டினர். பழைய புகைப்படங்களைக் கொணர்ந்து, இன்ன வீதியில் இன்னார் வீடு என்று பிள்ளைகளுக்குக் காட்டினர். ஜோன்சன் குடும்பப் பாடகர் 'எலன்டனின் மரணம்' என்ற பாடலை இசைத்தட்டிற் பதிவு செய்தனர். அவ்வூரின் ஆசிரியை லூயிஸ் காசெல்ஸ், தாம் கண்டவற்றை 'எதிர்பாராத வெளியேற்றம்' என்னும் நூலாக எழுதி 1971இல் வெளியிட்டார். பாதுகாப்பு வேலியினுள் அடைபட்ட பழைய ஊரிற் கட்டிடங்கள் இல்லை. ஆனால் வீதியோரக் கற்களும், வீடுகளுக்குத் திரும்பும் பாதைகளின் அடையாளமும் பைன் மரங்களுக்கிடையே எஞ்சின. அவற்றைக் கண்டே முன்னாட் குடிகள் தம் வாயிலை அடையாளம் கூறினர்.

நேயர்களே, நினைவுகூர்தல் இனியது. அவ்வினிமையிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. இழந்த ஊர் நினைவிற் குறையற்ற ஊராகிவிடும். எலன்டனின் பெயர் 1950க்கு முன்னரும் ஒருமுறை நாடறிய ஒலித்தது. அந்நிகழ்ச்சியை ஊர்க்கூட்டங்கள் பெரிதும் பேசவில்லை. உள்நாட்டுப் போரின்பின் விடுதலையும் வாக்குரிமையும் பெற்ற கறுப்பின மக்களை மீண்டும் அடக்கும் முயற்சி, 1876ஆம் ஆண்டுத் தேர்தலை ஒட்டித் தென் கரோலைனாவில் உச்சநிலை அடைந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் எலன்டன் சுற்றுப்புறத்தில் ஆயுதந் தாங்கிய வெள்ளையர் கழகங்கள் கறுப்பின மக்களைப் பல நாட்களாக வேட்டையாடின. கொல்லப்பட்டோர் தொகை முப்பதுக்குக் குறையாது என்பாரும், நூற்றைத் தாண்டும் என்பாரும் உளர். மாநிலச் சட்டசபையின் கறுப்பின உறுப்பினரான சைமன் கோக்கர் பிடிக்கப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். மத்திய அரசின் படை வந்த பின்னரே கொலை நின்றது. வழக்கு நடந்தது, தண்டனை எவருக்கும் கிடைக்கவில்லை.

அந்நாட்களில் ஒளிந்து தப்பியோரின் பேரப்பிள்ளைகளும் 1950இல் அம்மண்ணில் வாழ்ந்திருக்கக்கூடும். அவர்களுடைய பிள்ளைகள் வெள்ளையர் பாடசாலைக்குச் செல்ல முடியாது. தேவாலயமும் வேறு, சவக்காலையும் வேறு. நெடுங்கடையின் வாயில் இரு சாராருக்கும் திறந்திருந்தது. ஊர் இரு சாராருக்கும் ஒன்றாயிருந்ததில்லை. இதனாற் பழங்குடிகளின் பாசம் பொய்யென்று கொள்ளலாகாது. பலகையை எழுதிய கை மெய்யான அன்பினால் எழுதியதே. ஆனால் 'எங்கள் ஊர்' என்னும் சொல்லில் 'எங்கள்' யாரைக் குறிக்கின்றது என்று வினவுவது வரலாற்றாசிரியனின் கடமை. வாரத்துக்கு உழுதவனின் மகளையும் அழைத்து, அவள் நினைவில் நிற்கும் வீதி யாது என்று கேட்டால்தான் ஊரின் படம் நிறைவு பெறும்.

பின்னர் நிகழ்ந்தவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1956இல் அங்குள்ள உலையொன்றின் அருகே கோவன், ரைன்ஸ் என்னும் அறிஞர் இருவர் நியூட்ரினோ என்ற நுண்துகள் உண்மையில் உளதென்று முதன்முதலாக நிலைநாட்டினர்; அதற்காக ரைன்ஸ் 1995இல் நோபெல் பரிசு பெற்றார். 1951இலேயே ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தார் அந்நிலத்தின் உயிரினங்களை ஆராயத் தொடங்கினர். பெரும்பகுதி காடாக மாறியது. மறுபுறம், நிலத்திலும் நீரிலும் சேர்ந்த நச்சுக் கழிவுகளால் 1989இல் அவ்விடம், நாட்டிலே முதன்மையாகத் துப்புரவு செய்யப்படவேண்டிய இடங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. குண்டுக்காகக் கட்டிய ஐந்து உலைகளும் ஓய்ந்துவிட்டன. அவற்றின் பயன்பாடு நாற்பதாண்டளவில் முடிந்தது. அவற்றுக்காகப் பெயர்க்கப்பட்ட ஊர் மட்டும் மீளவில்லை.

எலன்டனின் கதை நமக்குக் கற்பிப்பது யாது? அரசாங்க ஏடுகள் ஏக்கரையும் விலையையும் காட்டும். பலகையை நட்டவனின் மனத்தைக் காட்டா. அதற்கு ஊரார் நினைவே சான்று. அந்நினைவும் ஒருவர் சொல்ல மற்றவர் வாளாவிருப்பதாயின் அரைச் சான்றே. நிலமுடையோர், நிலமற்றோர், வேலை தேடி வந்தோர் ஆகிய மூவரும் ஒருங்கே அமர்ந்து பேசும்போதுதான் மறைந்த ஊரின் மெய்யான உருவம் தோன்றும். வயது முதிர்ந்தோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். கேட்க விரும்புவோர் காலந் தாழ்த்தாது, இதுவரை எவரும் கேளாதிருந்தவர்களின் வாயிலை முதலில் தட்டுவாராக.