மேலே கம்பி, கீழே ஏணி

102 அடிச் செம்புக் கம்பியை நடுவில் வெட்டி, வெட்டிய இடத்திலிருந்து 34 அடிக்கு இரட்டைக் கம்பியை ஏணிபோலத் தொங்கவிட்டால் அதுதான் ‘ஜி5ஆர்வி’. ஏணியின் அடியிலிருந்து சாதாரண கோஆக்ஸ் கேபிள் வீட்டுக்குள் வரும். உலகத்தில் ஹாம் ரேடியோ வைத்திருப்பவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் வேறு விளக்கம் வேண்டாம். அது லூயி வார்னி என்ற ஆங்கிலேயரின் கால் சைன். மனிதரை வானலையில் கூப்பிடும் பெயரே கம்பிக்கும் பெயராகிவிட்டது.

கம்பி பிறந்தது 1946-இல். போர்க்காலத்தில் பறிக்கப்பட்ட உரிமங்கள் பிரிட்டனில் ஹாம்களுக்குத் திரும்பக் கிடைத்த ஆண்டு அது. ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளான பேண்டுகள் எல்லாவற்றுக்குமான ஆன்டெனாவாக வார்னி இதை நினைக்கவில்லை. தொலைதூர நாடுகளோடு பேச உதவும் 14 மெகாஹெர்ட்ஸ்தான் அவர் குறி. அந்த அலையின் பாதி நீளம் பத்தரை மீட்டர் போல வரும். ஒரு பாதி போதாதென்று மூன்று பாதிகளை ஒரே கம்பியில் அடக்கினார். அதுதான் 102 அடி.

34 அடி ஏணி அதே அலையின் ஒரு பாதி. பாதி அலை நீளமுள்ள இரட்டைக் கம்பிக்கு ஓர் அழகான குணம் உண்டு: உச்சியில் என்ன மின்தடுப்பைக் காண்கிறதோ, அதையே அடியிலும் காட்டும். அதனால் 14-இல் ஏணி இருப்பதே தெரியாது.

மற்ற பேண்டுகளில்தான் அது வேலை செய்யத் தொடங்குகிறது. 3.5 மெகாஹெர்ட்ஸில் மேலே இருக்கும் கம்பி அரை அலைக்கு எட்டாது. குறைகிற நீளத்தை ஏணியின் மேற்பகுதி தருகிறது: ஒவ்வொரு காலிலும் 17 அடி, ஆக 34. அதை 102-உடன் கூட்டினால் 136 அடி, கணக்கு சரி. கம்பி கீழ்நோக்கி மடிந்து தன்னை நீட்டிக்கொள்கிறது. ஒரு பேண்டுக்காகப் பிறந்த ஆன்டெனா பல பேண்டுக்காரன் ஆனது இந்த ஏணியால்தான். எல்லோரும் உயரத்தில் நிற்கும் கம்பியை அண்ணாந்து பார்க்கிறார்கள்; கவனிக்க வேண்டியது ஏணியை என்பது என் உறுதியான எண்ணம்.

1958-இல் பிரிட்டிஷ் ஹாம் சங்கமான ஆர்.எஸ்.ஜி.பி.யின் இதழில் வார்னி இதை எழுதினார். அதன் பிறகு கம்பி நாடு நாடாகப் போயிற்று. போன இடத்தில் ஒரு பொய்யும் ஒட்டிக்கொண்டது: ரேடியோவையும் ஆன்டெனாவையும் ஒத்துப்போகச் செய்யும் ட்யூனரே வேண்டாம், எல்லா பேண்டிலும் ஓடும் என்று. வார்னி அப்படிச் சொன்னதே இல்லை. ட்யூனர் வேண்டும் என்றுதான் பின்னாளிலும் எழுதினார். அவர் எழுதாததை நம்பி ஆன்டெனாவைக் கட்டி, பிறகு அவரையே குறை சொன்னவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஏணியைத் தங்கள் கையால் கட்டச் சோம்பியவர்கள் டிவி ரிப்பனைத் தொங்கவிட்டார்கள். தூர்தர்ஷன் காலத்தில் நம் மொட்டைமாடி ஆன்டெனாக்களிலிருந்து இறங்கிய அதே 300 ஓம் தட்டை வயர்தான். பிளாஸ்டிக்குக்குள் மின் அலை மெதுவாகப் போகும், காற்றில் போவதில் 82 சதவீத வேகம்தான். எனவே 34 அடி 28 ஆகச் சுருங்க வேண்டும். மழையில் நனைந்தால் அந்தக் கணக்கும் மாறும். இதற்காகவே நான் ரிப்பன் பக்கம் போவதில்லை.

1979-இல் ஜெனீவா மாநாடு 10, 18, 24 மெகாஹெர்ட்ஸில் ஹாம்களுக்குப் புதிய பேண்டுகளைத் தந்தது. வார்னி கணக்குப் போட்டபோது இவை இல்லை. தென்னாப்பிரிக்காவில் பிரையன் ஆஸ்டின் கணினியை வைத்து அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டார். மேல்கம்பி ஏறத்தாழ 28 மீட்டராகக் குறைந்தது, ஏணி 13 மீட்டர் அளவுக்கு நீண்டது. 7, 14, 18, 24, 28 ஆகிய ஐந்திலும் ட்யூனர் இல்லாமலே 50 ஓம் கேபிளோடு ஒத்துப்போகும் இடங்கள் கிடைத்தன. 3.5, 10, 21 மூன்றும் பிடிவாதமாக ஒத்துவரவில்லை. அவருடைய கால் சைனான இசட்எஸ்6பிகேடபிள்யூதான் இந்த வடிவத்துக்கும் பெயர்.

நான் முதலில் கட்டியது வார்னியின் அளவில். எங்கள் மாடியில் 102 அடி நேராக நீளாது. இரு நுனியிலும் ஆறில் ஒரு பங்கு, அதாவது 17 அடி வரை கீழே தொங்கலாம் என்று வார்னியே இடம் கொடுத்திருந்தார். தண்ணீர்த் தொட்டியின் மேல் இரும்புக் குழாய் நட்டு நடுவை உயர்த்தினேன். மின்கம்பத்து இழுகம்பியில் பார்ப்போமே, அந்த முட்டைப் பீங்கான்கள்தான் நுனிகளில். ஏணிக்கு வயரிங் பி.வி.சி. குழாயைத் துண்டு துண்டாக நறுக்கி, பள்ளம் கீறி, அடிக்கொன்றாகக் கட்டினேன். அதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

ஒரு தவறு செய்தேன். ஏணி காற்றில் ஆடாமல் இருக்கட்டும் என்று மாடியின் இரும்புக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். ஆன்டெனா கேபிளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் மீட்டரின் முள் ஓரிடத்தில் நிற்கவில்லை. இரும்பு பக்கத்தில் வந்தால் ஏணியின் இரண்டு கால்களும் சமமாக இருக்காது. சவுக்குக் கட்டை ஒன்றை வெளியே நீட்டி, ஏணியை ஓரடிக்கு மேல் விலக்கிய பிறகுதான் முள் அடங்கியது. அன்று மாலை 7 மெகாஹெர்ட்ஸில் முதல் பதில் வந்தபோது மைக்கை அழுத்த ஒரு கணம் மறந்தே போனேன்.

சென்ற மாதம் ஆஸ்டின் கணக்குக்கு மாறினேன். கம்பியை இறக்கி, இரு நுனியிலும் ஐந்தடி வெட்டினேன். ஏணி ஒன்பதடி நீள வேண்டும். வெட்டிய துண்டுகளையே ஏணியின் காலுக்கொன்றாகப் பற்றவைத்தேன். மிச்சம் நான்கடிக்குப் புதுக் கம்பி.