செயற்கை நுண்ணறிவும் சட்டப் பொறுப்பும்

செயற்கை நுண்ணறிவுப் பொறி கூறிய பிழையான விடையை நம்பி ஒருவர் நட்டமடைவாராயின், அதற்குப் பொறுப்பாளி யார்? இவ்வினா புதிது போலத் தோன்றினும், இதன் வேர் மிகப் பழையது.

கி. மு. 5-ஆம் நூற்றாண்டினதாகிய உரோமரின் பன்னிரு பலகைச் சட்டம், விலங்கு விளைத்த தீங்குக்கு அதன் உடையவனையே பொறுப்பாளியாக்கிற்று. உரோமச் சட்டத்தில் அடிமை செய்த தீங்குக்கும் இதுவே விதி. அடிமை சிந்திக்கவும் பேசவும் வல்லவன். எனினும் சட்டத்தின் முன் உரிமையுடைய ஆளாக அவன் கொள்ளப்படவில்லை. ஆகவே உடையவன் நட்டஈடு செலுத்தல் வேண்டும். அன்றேல் அவனை ஒப்படைத்தல் வேண்டும். இம்மரபில் வளர்ந்த உரோமன் டச்சுச் சட்டம், 1852-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழியே, கண்டிச் சட்டத்தில் விதி காணப்படாத இடங்களில் மாத்தளைக்கும் உரியதாயிற்று.

சட்டம் இவ்வாறிருப்பினும், பொறுப்பேற்பார் இன்றி ஓர் எண் மனிதரை ஆண்ட காலமும் நம் மலையக வரலாற்றில் உண்டு. தோட்டத் தொழிலாளரின் கடன்தொகையைக் குறித்துத் துரைமார் வழங்கிய ‘துண்டு’ என்னும் சீட்டே அதற்குச் சான்று. அத்தொகை செலுத்தப்பட்டாலன்றி அவர்கள் வேறு தோட்டத்துக்குச் செல்லுதல் அரிது. எழுத்தறியாத தொழிலாளர்க்கு அக்கணக்கைச் சரிபார்க்க வழியில்லை. தாளில் எழுதப்பட்ட எண்ணே தீர்ப்பாயிற்று. 1921-ஆம் ஆண்டிலேயே இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தாள் இருந்த இடத்தில் இன்று கணினி இருக்கின்றது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் உரையாடற் பொறி, பயணி ஒருவருக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் அளித்தது. அப்பொறி தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனியமைப்பு என்னும் பொருள்பட நிறுவனம் வாதிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாத் தீர்ப்பாயம் 2024-ஆம் ஆண்டில் அவ்வாதத்தை மறுத்து, நட்டஈடு வழங்கப் பணித்தது. இலங்கையில் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தானியங்கு முறையால் மட்டும் எடுக்கப்பட்டு ஒருவரின் உரிமைகளுக்கு மீளாத் தொடர்பாதிப்பை விளைக்கக்கூடிய தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையை வகுத்துள்ளது.

பொறியைத் தண்டித்தல் இயலாது. அதனை ஏவிப் பயன் கொள்பவரை வினவுதல் இயலும். கடன் வழங்கலிலும் வேலைக்குத் தெரிதலிலும் பொறியின் சொல் இடம்பெறும் இந்நாளில், ‘இவ்வெண் எவ்வாறு வந்தது?’ என்று கேட்பதற்கும், கேட்டவர்க்கு விடை கூறுவதற்கும் ஒரு மனிதர் இருத்தல் வேண்டும். துண்டின் வரலாற்றை அறிந்த சமூகம் இதனை வலியுறுத்தக் கடமைப்பட்டது.